புது டெலி லென்ஸோடு காட்டுப் பறவைகளைப் படமெடுக்க: முழுமையான வழிகாட்டி

லென்ஸ் கைக்கு வந்த வாரமே ஒரு ஏரிக்கரைக்குப் போய், எதிர்க்கரையில் நின்ற சாம்பல் நாரையை நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். 150-600 மி.மீ. லென்ஸ் (எண் ஏற ஏறத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்), பளிச்சென்ற வெயில், ஷட்டர் வேகம் 1/2000 நொடி. வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. கழுத்து இறகெல்லாம் தண்ணீரில் ஊறிக் கரைந்த மாதிரி இருந்தது. லென்ஸில்தான் கோளாறு, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். மறுநாள் காலையில் மதில்மேல் வந்து உட்கார்ந்த சிட்டுக்குருவியை எட்டு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தபோது, அதன் கண்ணில் வானமும் கூரையின் விளிம்பும் தெரிந்தன. லென்ஸ் நன்றாகவே இருந்தது. எனக்கும் நாரைக்கும் நடுவே இருந்த நூறு மீட்டர் வெயில் காற்று, அதாவது சூடேறி நெளியும் காற்றுதான் படங்களைக் கெடுத்திருந்தது.

டெலி லென்ஸ் பறவையைப் பெரிதாக்கும்போது நடுவில் உள்ள காற்றையும், கை நடுக்கத்தையும், ஃபோகஸ் பிசகையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. அதனால் புது லென்ஸ் வாங்கியவர் முக்கியமாகப் பழக வேண்டியது பறவைக்கும் தனக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பதற்குத்தான். மற்ற எல்லாம் அதற்குத் துணை. புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு நான் எந்த வரிசையில் சொல்லிக் கொடுப்பேனோ, அதே வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன்.

1. வெளியே போகும் முன் லென்ஸைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வகை லென்ஸ்கள் பெரும்பாலும் 2 கிலோ அளவுக்குக் கனக்கும். கேமராவை மட்டும் பிடித்துத் தூக்கினால் முழு பாரமும் லென்ஸும் கேமராவும் இணையும் மவுண்டில் இறங்கும். லென்ஸைச் சுற்றியுள்ள ட்ரைபாட் காலர் என்ற வளையத்தின் அடியில் நீட்டியிருக்கும் பாதத்தைப் பிடித்துத் தூக்கிப் பழகுங்கள். கழுத்துப் பட்டையையும் அந்தப் பாதத்தில் மாட்டுவதுதான் நல்லது.

பக்கவாட்டில் உள்ள சுவிட்சுகளில் மிகவும் ஏமாற்றக்கூடியது ஃபோகஸ் லிமிட்டர். லென்ஸ் எந்தத் தூரத்துக்குள் மட்டும் ஃபோகஸ் தேட வேண்டும் என்பதை அது கட்டுப்படுத்தும். '10 மீட்டர் முதல் முடிவிலி வரை' என்று வைத்துவிட்டு மறந்தால், ஆறு மீட்டரில் வந்து உட்காரும் மீன்கொத்தி மேல் லென்ஸ் ஃபோகஸ் பிடிக்கவே பிடிக்காது. தொடக்கத்தில் முழு தூரத்தில் வையுங்கள். வானத்தில் பருந்துகளை மட்டும் எடுக்கும் நாளில் மாற்றிக்கொண்டால், லென்ஸ் முன்னும் பின்னும் அலைவது குறையும்.

அதிர்வுக் குறைப்பு சுவிட்சில் பொதுவாக இரண்டு மூன்று நிலைகள் இருக்கும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு முதல் நிலை. கிடைமட்டமாகப் பறக்கும் பறவையோடு சேர்த்து லென்ஸைத் திருப்பும்போது இரண்டாம் நிலை. இது அடக்குவது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான். பறவை தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது, அங்கே ஷட்டர் வேகம்தான் வேண்டும். பட்டனைப் பாதி அழுத்தியதும், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் காட்சி ஒரு நொடி மிதந்து பின் நிலைகொள்ளும். அது நிலைகொண்ட பிறகு முழுதாக அழுத்துங்கள்.

லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூடை எப்போதும் மாட்டியே வையுங்கள். பக்க வெளிச்சத்தைத் தடுக்கும், புதரில் இடித்தால் முன் கண்ணாடியையும் காக்கும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி உருவத்தை இன்னும் பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டர் இப்போது வேண்டாம். 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது பாதியைத் தின்றுவிடும், எஃப் 6.3 லென்ஸ் எஃப் 9 ஆகிவிடும் (எஃப் எண் ஏற ஏற சென்சாருக்கு வரும் வெளிச்சம் குறையும்). ஃபோகஸும் தடுமாறும்.

2. ஒரு மணி நேரச் சோதனை

எனக்கு வந்த சந்தேகம் உங்களுக்கும் வரும். அதை முதலிலேயே தீர்த்துவிடுங்கள். சிறிய எழுத்துகள் அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை ட்ரைபாடில் வைத்து, எட்டுப் பத்து மீட்டர் தள்ளி நின்று இரண்டு நொடி டைமரில் பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடிக்க விடுங்கள். 300, 500, 600 மி.மீ. மூன்றிலும் எடுங்கள். முழுதாகத் திறந்த அப்பர்ச்சரிலும் (லென்ஸில் ஒளி நுழையும் துவாரம்) எஃப் 8-லும் எடுங்கள். எந்த இடத்தில் லென்ஸ் சற்று மென்மையாகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். பல ஜூம் லென்ஸ்கள் கடைசி 600-இல் கொஞ்சம் தளரும், எஃப் 8-க்குப் போனால் சரியாகும்.

உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவர்கள், வ்யூஃபைண்டர் வழியாக எடுத்த படத்தையும் பின்பக்கத் திரையைப் பார்த்து லைவ் வ்யூவில் எடுத்த படத்தையும் ஒப்பிடுங்கள். லைவ் வ்யூ படம் எப்போதுமே தெளிவாக வந்தால், கேமரா மெனுவில் ஃபோகஸ் நுண்திருத்தம் செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் இந்தத் தொல்லை அநேகமாக வராது.

3. எண்கள்

நான் பரிந்துரைப்பது மேனுவல் முறையில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நாமே வைத்துக்கொண்டு, ஒளிக்குக் கேமராவின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுவது. கண் முன்னே பறவை இருக்கும்போது யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்றாகக் குறைந்துவிடும்.

அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரிய பறவைக்கு 1/500. தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் சின்னப் பறவைக்கு 1/1000. நிதானமாகப் பறக்கும் கொக்கு, பருந்துக்கு 1/2000. தகைவிலான் மாதிரி வெட்டி வெட்டிப் பறப்பவற்றுக்கு 1/3200 அல்லது அதற்கு மேல். அப்பர்ச்சர் லென்ஸின் முழுத் திறப்பில் இருக்கட்டும், வெளிச்சம் தாராளமாக இருந்தால் எஃப் 8.

ஐஎஸ்ஓ ஏறுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நேர் வெயிலில் எஃப் 6.3, 1/2000 என்றால் ஐஎஸ்ஓ 320 ஒட்டி நிற்கும். அதே பறவை மர நிழலுக்குள் போனால் 3200-ஐத் தொடும். மணல் மணலாக நாய்ஸ் தெரியும் படத்தை மென்பொருளில் சரிசெய்துவிடலாம். அசைந்து கலங்கிய கண்ணைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. என் பழைய படங்களில் நான் வருந்துபவை எல்லாம், ஐஎஸ்ஓவைக் குறைக்க நினைத்து ஷட்டரை 1/250-க்கு இறக்கியவைதான்.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் சக்கரம் எங்கே இருக்கிறது என்பது பார்க்காமலே விரலுக்குத் தெரிய வேண்டும். இருண்ட தண்ணீர்ப் பின்னணியில் வெள்ளைக் கொக்கு நின்றால், கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு வெறும் வெள்ளைக் காகிதமாக வரும். மைனஸ் ஒன்று வையுங்கள், இறகின் மடிப்புகள் திரும்பி வரும். வானத்தை எதிர்த்துப் பறக்கும் பருந்துக்கு நேர்மாறாக பிளஸ் ஒன்று முதல் இரண்டு வரை. வெளுத்துப்போன பகுதி மின்னிக் காட்டும் எச்சரிக்கையை மெனுவில் போட்டுவையுங்கள். கோப்பு வகை ரா, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது. ஜேபெக்கில் ஒருமுறை வெளுத்த இறகு வெளுத்ததுதான், ராவில் ஓரளவு மீட்கலாம்.

4. ஃபோகஸ்: கண்ணில் பிடிக்க வேண்டும்

600 மி.மீ., எஃப் 6.3, பறவை பத்து மீட்டரில் என்றால், ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் ஃபோகஸுக்குள் இருக்கும் ஆழம் சுமார் 10 செ.மீ. மட்டுமே. ஐந்து மீட்டரில் இரண்டரை செ.மீ. சிட்டுக்குருவியே அலகு முதல் வால் வரை 15 செ.மீ. நீளம். அது உங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தால் கண்ணும் வாலும் ஒருசேரத் தெளிவாக வராது. கண் தெளிவாக இருந்தால் வால் கலங்கினாலும் படம் நிற்கும். மார்பு இறகு தெளிவாகவும் கண் கலங்கலாகவும் இருந்தால் அந்தப் படம் போயிற்று.

ஃபோகஸ் எப்போதும் தொடர் முறையில் இருக்கட்டும். கேனானில் ஏஐ செர்வோ அல்லது செர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. பறவைக் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் புதருக்குள் இருக்கும் பறவை என்றால் அது முன்னால் நீட்டிய கிளையைப் பிடித்துக்கொள்ளும், அப்போது சின்ன ஒற்றைப் புள்ளிக்கு மாற வேண்டும். பறப்பதற்குச் சற்றுப் பெரிய புள்ளிக் கூட்டம். இந்த இரண்டையும் இரண்டு பட்டன்களில் ஒதுக்கிவைத்தால் மெனுவுக்குள் போகவே வேண்டாம்.

ஃபோகஸைக் கேமராவின் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றுவது பலருக்குப் பிடிக்கும், எனக்கும்தான். கட்டைவிரலை எடுத்தால் ஃபோகஸ் அப்படியே நிற்கும், ஒரு புல் தண்டு குறுக்கே ஆடினாலும் லென்ஸ் அதன் பின்னால் ஓடாது. பழக ஒரு வாரம் ஆகும்.

5. வ்யூஃபைண்டரில் பறவையைக் கண்டுபிடிப்பது

புதியவர்களை அழவைப்பது இதுதான். கண்ணுக்குத் தெரியும் பறவை, லென்ஸை உயர்த்தினால் காணாமல் போய்விடும். கையை முழுதாக நீட்டி இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடியுங்கள். அந்த விரல்கள் மறைக்கும் அகலம்தான் 600 மி.மீ. லென்ஸ் காட்டும் மொத்த உலகம், ஏறத்தாழ மூன்றரை டிகிரி. அவ்வளவு சின்ன ஜன்னல் வழியாகத் தேடினால் கிடைக்காதுதான்.

எனவே லென்ஸைப் பார்க்காதீர்கள், பறவையைப் பாருங்கள். பார்வையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். லென்ஸ் தானாகவே அந்தத் திசையில் நிற்கும். இடது உள்ளங்கை லென்ஸின் முன்பகுதிக்கு அடியில், முழங்கைகள் விலாவோடு ஒட்டி, நெற்றி கேமராவில் அழுந்தி. இன்னும் கிடைக்கவில்லை என்றால் 200 மி.மீ.க்கு விரித்துப் பிடித்துவிட்டு, பிறகு 600-க்கு ஏறுங்கள். இதைக் காகத்திலும் புறாவிலும் தினமும் பத்து நிமிடம் பழகுங்கள். ஒரு மாதத்தில் கை தானாகப் போகும். அரிய பறவை வரும் அன்று பழக ஆரம்பித்தால் அது போன பிறகுதான் லென்ஸ் அங்கே போய்ச் சேரும்.

6. தூரம்

15 செ.மீ. குருவி பத்து மீட்டரில் இருந்தால், 600 மி.மீ. லென்ஸ் அதன் உருவத்தை சென்சாரில் 9 மி.மீ. அளவில் விழ வைக்கும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., அதாவது படத்தின் அகலத்தில் கால் பங்கு. அருமையான அளவு. இருபது மீட்டரில் எட்டில் ஒரு பங்கு. முப்பது மீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு புள்ளி மாதிரிதான். ஏபிஎஸ்-சி கேமராவில் சென்சார் சிறியது என்பதால் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். ஆனாலும் கணக்கு ஒன்றுதான்: இன்னும் விலை கூடிய லென்ஸ் தரும் பலனைவிட, பத்து மீட்டர் நெருங்குவது தரும் பலன் அதிகம்.

நெருங்க இரண்டு வழி. நாம் போவது, அல்லது அதை வர விடுவது.

நாம் போவதென்றால் நேராக நடக்கக் கூடாது. பறவையைப் பார்க்காதது போல் பக்கவாட்டாக, வளைந்து வளைந்து, தாழ்ந்து போக வேண்டும். நான்கு அடி, ஒரு நிமிட நிறுத்தம். நிற்கும்போது இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஷட்டர் சத்தத்துக்கும் அது பழகும். அது இரை தேடுவதை நிறுத்தித் தலையை உயர்த்தினால் நீங்களும் நின்றுவிடுங்கள். கழுத்தை நீட்டி விறைத்தால், எச்சரிக்கைக் குரல் கொடுத்தால், உடலைக் குனித்துக் கால்களை மடக்கினால், நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். இரண்டு அடி பின்வாங்குங்கள். பல சமயம் அது மறுபடி இரை தேடத் தொடங்கும், பத்து நிமிடத்தில் முன்பைவிட நெருக்கமாகவே இருப்பீர்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டாம் வழி. அந்த நாரையின் ஏரிக்கு மறுபடி போனேன், இந்த முறை விடியும் முன். முன்தினமே பார்த்து வைத்திருந்த ஆழமில்லாத ஓரத்தில், நாணலுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாரை தானே வந்தது. ஒரு காலைத் தண்ணீரில் வைத்தால், அலை அடங்கும்வரை அடுத்த காலை எடுக்கவில்லை. காலைத் தூக்கும்போது விரல்களை ஒன்றாகக் குவித்து, வைக்கும்போது விரித்தது. இருபது மீட்டருக்குள் வந்தபோது முழு உருவமும் அடங்க லென்ஸை 400-க்குக் குறைக்க வேண்டியிருந்தது. அதே லென்ஸ், அதே கேமரா. கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையம் ஊசி முனை போலத் தெளிவாக வந்தது.

எந்த இடத்தில் உட்காருவது என்பதைப் பறவையே சொல்லும். எச்சம் படிந்த கிளை, மீன் செதில் சிதறிய கல், தினமும் அதே நேரத்தில் குளிக்க வரும் குட்டை: இவற்றைக் கண்டுவைத்தால் பாதி வேலை முடிந்தது. மறைவுக்கூடாரம் இருந்தால் நல்லது. 1900 வாக்கில் பிரிட்டனின் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் ஆள் உள்ளே நிற்கும்படி ஒரு பொய்க் காளை செய்து, அதற்குள்ளிருந்து பறவைகளைப் படமெடுத்தார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை, மங்கிய நிறத் துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு அசையாமல் இருந்தாலே போதும். நிறுத்திய காரும் சிறந்த மறைவுதான். எஞ்சினை அணைத்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் மணல் அல்லது பயறு நிரப்பிய பையை வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். காருக்குள் சூடும் வெளியே குளிருமாக இருந்தால் ஜன்னலருகே காற்று நெளியும், படம் கலங்கும்.

வெயில் காற்றுக்கு வேறு மருந்தே இல்லை. காலை வெயில் ஏறியதும் தூரத்துப் பறவைகளை விட்டுவிடுங்கள், பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள்.

எங்கே என்ன பறவை எந்த மாதத்தில் தெரிகிறது என்பதற்கு கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ஈபேர்ட் தளம் நல்ல துணை. அவர்களுடைய மெர்லின் செயலி குரலை வைத்தே பெயர் சொல்லும்.

7. வெளிச்சமும் கண் மட்டமும்

உங்கள் நிழல் பறவையை நோக்கி விழட்டும், வெளிச்சம் சரியாக இருக்கும். கண்ணில் ஒரு சிறு ஒளிப்பொட்டு வந்தால்தான் பறவை உயிரோடு தெரியும். அதற்காக ஒரு நொடி காத்திருந்து, அது தலையை நம் பக்கம் திருப்பும்போது அழுத்துங்கள்.

அப்புறம், கீழே இறங்குங்கள். நின்றபடி தரையில் நடக்கும் வாலாட்டியை எடுத்தால் பின்னணியில் கூழாங்கல் கூட்டம்தான் வரும், மேலே இருந்து பார்த்த முதுகுதான் தெரியும். வயிறு தரையில் பட படுத்து, லென்ஸைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். பின்னணி இருபது முப்பது மீட்டர் தள்ளிப் போய் ஒரே நிறமாகக் கரையும். லென்ஸின் மதிப்பு எனக்குப் புரிந்தது அப்படிப் படுத்த முதல் நாளில்தான்.

8. பறக்கும் பறவை

பெரிய, நிதானமான பறவைகளில் தொடங்குங்கள். கொக்கு, நாரை, பருந்து. பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். அதனால் காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால், அவை உங்களை நோக்கியே எழும்பும், முகத்திலும் வெளிச்சம் இருக்கும். கிளம்பும் முன் பல பறவைகள் எச்சமிடும், உடலைத் தாழ்த்தி முன்னால் சாயும். அதைப் பார்த்ததும் பர்ஸ்ட்டை, அதாவது விடாமல் அடுத்தடுத்து எடுப்பதைத் தொடங்கிவிடுங்கள். எழும்பிய பிறகு தொடங்கினால் வால்தான் கிடைக்கும்.

தூரத்தில் வரும்போதே பிடித்து, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பிக் கூடவே போங்கள். பட்டனை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். சட்டத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள், இறக்கை நுனி வெட்டுப்பட்ட படத்தைச் சரிசெய்ய முடியாது. மிரர்லெஸ் கேமராவின் சத்தமில்லாத மின்னணு ஷட்டர் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அருமை. ஆனால் சில கேமராக்களில் வேகமாக அடிக்கும் இறக்கை அதில் வளைந்து கோணலாகப் பதியும். பறப்பதற்கு மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது.

9. கூட்டுப் பக்கம் போகாதீர்கள்

தாய்ப்பறவை கூட்டைவிட்டு நீங்கினால் முட்டை சூடு இழக்கும், குஞ்சு வெயிலில் வாடும், உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் காகத்துக்கு வழி தெரியும். வாயில் இரையோடு ஒரு பறவை உட்காராமல் உங்களைச் சுற்றிக் கத்தினால், கூடு பக்கத்தில் இருக்கிறது, உடனே விலகுங்கள். குரல் பதிவை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். எல்லைக்கு எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது உணவையும் குஞ்சையும் விட்டுவிட்டு ஓடிவரும். அரிய பறவையின் கூட்டிடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். ஈபேர்ட் தளமே ஆபத்திலுள்ள சில இனங்களின் சரியான இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. எந்தப் படமும் பறவையின் நலனைவிடப் பெரிதல்ல.

10. வீட்டுக்கு வந்த பின்

முதல் சில மாதங்களுக்கு நல்ல படங்களைவிடக் கெட்ட படங்களை அதிகம் பாருங்கள். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் கலங்கலுக்குக் காரணம் தெரியும். படம் முழுக்க, கிளை உட்பட, ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. கிளை தெளிவாகவும் பறவை மட்டும் இழுபட்டும் இருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. பறவைக்கு முன்னால் அல்லது பின்னால் உள்ள புல் ஊசியாகத் தெளிந்திருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. எதுவுமே தெளிவாக இல்லாமல், விளிம்புகள் எல்லாம் நெளிந்து, அடுத்தடுத்த படங்களில் நெளிவு மாறிக்கொண்டே இருந்தால் அது வெயில் காற்று. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு வேறு, அதனால் எது என்று பிரித்துப் பார்க்காமல் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள்.

தேர்ந்தெடுத்த படத்தில் முதலில் நாய்ஸைக் குறையுங்கள், பிறகு வேண்டாத ஓரங்களை வெட்டுங்கள், கூர்மை சேர்ப்பது கடைசியில், அதுவும் பறவையின் மேல் மட்டும். பாதிக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால் அந்தப் படத்தை அடையாளக் குறிப்பாக வைத்துக்கொண்டு, எந்த மரம், எந்த நேரம், எந்தப் பக்க வெளிச்சம் என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை இன்னும் பத்து மீட்டர் முன்னால், அது வருவதற்கு அரை மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடலாம்.